எந்த என்.ஐ.டி.? மகள் டிசைன் கல்லூரி கேட்டால் பெற்றோர் செய்ய வேண்டியவை

என் மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தபோது, தீபாவளிக்கு முந்தைய வாரம், சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: “அப்பா, எனக்கு இன்ஜினீயரிங் வேண்டாம். துணிக்கு டிசைன் போடப் படிக்கப் போகிறேன்.”

நான் கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன். இருபது வருடமாகச் சமையலறைத் துண்டுக்கும் மேசை விரிப்புக்கும் பில் போடுகிறேன். அந்தத் துண்டில் இருக்கும் எலுமிச்சம்பழத்தை யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைந்திருப்பார் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. அதற்கென்று கல்லூரி இருக்கிறது, அதற்கு நுழைவுத் தேர்வு இருக்கிறது, அந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதி ஏறக்குறைய முடிந்துகொண்டிருக்கிறது என்பதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அடுத்த ஏழு மாதங்கள் நாங்கள் பட்ட பாட்டில் பாதி, விவரம் தெரியாததால் வந்தது. மீதிப் பாதி, விவரம் தெரிந்த பிறகும் தள்ளிப்போட்டதால் வந்தது. உங்கள் வீட்டிலும் மருத்துவமும் பொறியியலும் எதிர்பார்த்திருந்த நேரத்தில் பிள்ளை டிசைன் என்று சொல்லியிருந்தால், கீழே உள்ள வரிசையில் செய்யுங்கள்.

1. முதலில் விண்ணப்பம், பிறகு விவாதம்

நாங்கள் தலைகீழாகச் செய்தோம். மூன்று வாரம் பேசினோம். என் அப்பா “படம் வரைய ஒரு கல்லூரியா?” என்று கேட்டுவிட்டுப் பேத்தியோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். என் மனைவி இரண்டு பக்கமும் சமாதானம் சொல்லிக் களைத்துப்போனார். நான் சம்பளம் எவ்வளவு கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று வாரத்தில், ஐ.ஐ.டி.களில் டிசைன் படிப்பதற்கான யுசீட் தேர்வின் விண்ணப்பத் தேதி முடிந்துபோனது. அப்படி ஒரு தேர்வு இருப்பதே எங்களுக்கு டிசம்பரில்தான் தெரிய வந்தது.

விண்ணப்பம் போடுவது சம்மதம் ஆகாது. சேருவதா வேண்டாமா என்பதை மே, ஜூன் வரை வைத்துப் பேசலாம். விண்ணப்பம் போடாவிட்டால் பேசுவதற்கே ஒன்றும் இருக்காது. இரண்டு மூன்று தேர்வுகளுக்குக் கட்டும் பணத்தை, வீட்டில் அமைதிக்குக் கொடுத்த விலை என்று கணக்கு எழுதிவிடுங்கள்.

2. கல்லூரியின் முழுப் பெயரை எழுதி வாங்குங்கள்

“என்.ஐ.டி.க்கு விண்ணப்பிக்கிறாள்” என்று சொன்னதும் சொந்தக்காரர்கள் எல்லாரும் வாழ்த்தினார்கள். திருச்சி பக்கத்தில்தானே, வாரம் ஒருமுறை வந்துவிடலாம் என்றார்கள். அவர்கள் நினைத்தது தேசியத் தொழில்நுட்பக் கழகம். இவள் கேட்டது அகமதாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய வடிவமைப்பு நிறுவனம். தமிழில் எழுதினாலும் சொன்னாலும் இரண்டும் என்.ஐ.டி.தான். இந்தக் கட்டுரையில் இனி என்.ஐ.டி. என்று வருவதெல்லாம் வடிவமைப்பு நிறுவனமே.

சிரிப்பு ஒருபக்கம் இருக்கட்டும். பெயர்க் குழப்பத்தில் பணம் போகிற இடமும் உண்டு. அரசு நிறுவனங்களின் சுருக்கப் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொண்டு தனியார் பயிற்சி நிலையங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. விளம்பரத்தில் ‘டிகிரி’ என்று போட்டிருக்கும். உள்ளே போய் விசாரித்தால் சான்றிதழ் அவர்களுடையது, பட்டம் எங்கோ இருக்கும் வேறொரு பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் படிப்பு என்று தெரியும். ஒரே கேள்வி கேளுங்கள்: “பட்டத்தில் கையெழுத்துப் போடுவது யார்?” பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அரசுத் தரப்பில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

என்.ஐ.டி.: அகமதாபாத், ஆந்திரப் பிரதேசம், ஹரியானா, அசாம், மத்தியப் பிரதேசம் ஆகிய இடங்களில் நான்காண்டு பி.டெஸ். படிப்பு (வடிவமைப்பில் இளநிலைப் பட்டம்). பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு உண்டு: 20 வயதுக்குள் இருக்க வேண்டும். எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினருக்கு மூன்றாண்டு தளர்வு. ஒரு வருடம் இடைவெளி விட்டுத் தயாராகலாம் என்று யோசிப்பவர்கள் பிறந்த தேதியை முதலில் பாருங்கள்.

நிஃப்ட்: தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம். சென்னைத் தரமணியில் வளாகம் இருக்கிறது. பெரும்பாலான படிப்புகளுக்கு எந்தப் பிரிவும் போதும். ஆடைத் தயாரிப்புத் தொழில்நுட்பப் படிப்புக்கு மட்டும் பிளஸ் டூவில் கணிதம் வேண்டும்.

யுசீட்: பம்பாய் ஐ.ஐ.டி. நடத்தும் தேர்வு. பம்பாய், டெல்லி, குவாஹாட்டி, ஹைதராபாத் உள்ளிட்ட ஐ.ஐ.டி.களில் பி.டெஸ். சேர இதுதான் வழி, ஜே.இ.இ. எழுத வேண்டியதில்லை. அதிகபட்சம் இரண்டு முறை, அதுவும் அடுத்தடுத்த ஆண்டுகளில் மட்டும்தான் எழுத முடியும்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. இவற்றைப் பற்றி ஒன்பதாவது படியில் சொல்கிறேன்.

3. நாட்காட்டியை மாற்றிக்கொள்ளுங்கள்

நம் வீடுகளில் கல்லூரிப் பேச்சு மே மாதத்தில், பிளஸ் டூ முடிவு வந்த அன்று தொடங்கும். பொறியியல் கலந்தாய்வுக்கு அது சரியாக இருக்கும். டிசைன் கல்லூரிகளின் கதவு அதற்கு அரை வருடம் முன்பே சாத்தப்பட்டிருக்கும். ஆண்டுக்கு ஆண்டு சில வாரம் முன்பின் ஆனாலும், அண்மைய ஆண்டுகளின் போக்கு இதுதான்:

யுசீட் விண்ணப்பம் அக்டோபர் தொடக்கத்தில் திறந்து நவம்பரில் மூடும். தேர்வு ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

என்.ஐ.டி. விண்ணப்பம் செப்டம்பர் அல்லது அக்டோபரில் திறந்து டிசம்பர் தொடக்கத்தோடு முடியும். முதல் கட்டத் தேர்வு டிசம்பர் கடைசியிலோ ஜனவரி முதல் வாரத்திலோ இருக்கும். இரண்டாம் கட்டம் ஏப்ரல், மே வாக்கில்.

நிஃப்ட் விண்ணப்பம் ஜனவரி வரை இருக்கும். எழுத்துத் தேர்வு பிப்ரவரியில்.

பிளஸ் டூ திருப்புதல் தேர்வு, செய்முறைத் தேர்வு, மார்ச் மாதப் பொதுத் தேர்வு எல்லாம் இதன் நடுவில் வருகின்றன. பிப்ரவரியில் என் மகள் ஒரு வெள்ளிக்கிழமை வேதியியல் செய்முறையும் அந்த ஞாயிற்றுக்கிழமை நிஃப்ட் தேர்வும் எழுதினாள். வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே தேதிகளைச் சொல்லிவையுங்கள். பள்ளிகள் இதற்கெல்லாம் விடுப்புத் தர முகம் சுளிக்கலாம். தேர்வு அனுமதிச் சீட்டின் நகலைக் காட்டினால் பெரும்பாலும் வழி பிறக்கும்.

4. பெயரும் இனிஷியலும்

இது சின்ன விஷயம் என்று நினைத்துக் கடந்துபோகாதீர்கள். அகில இந்திய விண்ணப்பங்களில் முதல் பெயர், நடுப் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து. ஆதாரில் அந்த எழுத்து விரிந்து அப்பா பெயராக இருக்கும். வங்கிப் புத்தகத்தில் எழுத்து முன்னால் போயிருக்கும். மூன்றும் ஒரே பெண்தான் என்பது நமக்குத் தெரியும். டெல்லியில் உட்கார்ந்து சரிபார்க்கும் கணினிக்குத் தெரியாது.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ, புள்ளி இடைவெளி உட்பட, அப்படியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். ஆதாரில் வேறாக இருந்தால், பிளஸ் ஒன் விடுமுறையிலேயே ஆதாரைத் திருத்திவிடுங்கள். சான்றிதழைத் திருத்துவது நீண்ட அலைச்சல்; ஆதாரைத் திருத்துவது எளிது. குடும்பப் பெயர் கட்டாயம் என்று கட்டம் அடம்பிடித்தால் இனிஷியலையே அங்கே போடலாமா என்று அந்தந்த ஆண்டின் தகவல் குறிப்பேட்டில் பாருங்கள், அல்லது உதவி எண்ணில் கேளுங்கள். சொந்த யோசனையில் அப்பா பெயரை நிரப்பிவிட்டுப் பிறகு ஓபிசி சான்றிதழில் வேறு மாதிரி வந்தால், சேரும் நாளில் உறுதிமொழிப் பத்திரம் எழுத நோட்டரியைத் தேடி ஓட வேண்டியிருக்கும். வேறொரு மாநிலத்தில், தெரியாத மொழியில்.

5. சாதிச் சான்றிதழ் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள்

நாங்கள் மாட்டிக்கொண்ட இடம் இதுதான், ஆகையால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

நம் கையில் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் தமிழ்நாட்டு அரசின் இடஒதுக்கீட்டுக்கு உரியது. என்.ஐ.டி., நிஃப்ட், ஐ.ஐ.டி. எல்லாம் மத்திய அரசு நிறுவனங்கள். அங்கே 27 சதவீத ஒதுக்கீட்டைப் பெற, மத்திய அரசின் படிவத்தில், ‘கிரீமி லேயர் அல்லாத ஓ.பி.சி.’ (அதாவது பிற்படுத்தப்பட்டோரில் வசதியில் முன்னேறிய பிரிவைச் சேராதவர்) என்று வட்டாட்சியர் தரும் தனிச் சான்றிதழ் வேண்டும். நிரந்தரச் சாதி அட்டையைப் பதிவேற்றினால் விண்ணப்பம் அப்போதைக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டதுபோலத் தெரியும். சரிபார்ப்பில் தூக்கிவிடுவார்கள்; பிள்ளை பொதுப் பிரிவுக்குப் போய்விடும், அல்லது இடமே போய்விடும்.

மாநிலப் பட்டியலில் பி.சி.யாக இருக்கும் எல்லாச் சாதிகளும் மத்திய ஓ.பி.சி. பட்டியலில் இல்லை. எழுத்துக்கூட்டலில்கூட வேறுபாடு இருக்கும். தேசியப் பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் இணையதளத்தில் தமிழ்நாட்டுக்கான பட்டியலைத் திறந்து உங்கள் சாதி எந்த எண்ணில் வருகிறது என்று முதலில் பாருங்கள். அதன் பிறகு விண்ணப்பியுங்கள்.

விண்ணப்பிப்பது இ-சேவை மையத்தில். கட்டணம் 60 ரூபாய். சாதிச் சான்றிதழ், பெற்றோரின் வருமான ஆவணங்கள், ஆதார், புகைப்படம் கேட்பார்கள். கோரிக்கை கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து வருவாய் ஆய்வாளருக்கும் பிறகு வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் போகும். எங்கள் கோரிக்கை நடுவில் ஒருமுறை திரும்பியது: மையத்தில் இருந்தவர் ஓ.பி.சி. என்பதற்குப் பதிலாகச் சாதாரணச் சாதிச் சான்றிதழுக்கே மறுபடி பதிவு செய்துவிட்டார். ரசீதில் சேவையின் பெயர் அச்சாகியிருந்தது. நான்தான் வாசிக்காமல் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். தொழில் கணக்கெழுதுவது. பதினொரு நாள் போனது. ரசீதை அங்கேயே, நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்பே வாசியுங்கள். எல்லாம் சேர்த்து எங்களுக்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆனது.

குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய். எந்த வருமானம் அதில் சேரும் என்பது பெற்றோர் பார்க்கும் வேலையைப் பொறுத்து மாறும். விவசாய வருமானத்தை இதில் கூட்டுவதில்லை. ஆகையால் வரம்பைத் தாண்டிவிட்டோம் என்று நீங்களே தீர்மானித்துக்கொண்டு விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

கடைசியாக ஒரு பொறி. சாதி மாறாது, வருமானம் மாறும். அதனால் இந்தச் சான்றிதழை நிதியாண்டுக் கணக்கில்தான் பார்க்கிறார்கள். நீங்கள் விண்ணப்பிப்பது அக்டோபர், நவம்பரில். சேருவது ஜூன், ஜூலையில். நடுவில் ஏப்ரல் 1 வந்துவிடுகிறது. எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கிய சான்றிதழ் வேண்டும் என்பது குறிப்பேட்டில் இருக்கும். ஏப்ரலில் புதிதாக ஒன்று வாங்க வேண்டியிருந்தால் அலுத்துக்கொள்ளாமல் வாங்கிவிடுங்கள். பொருளாதாரத்தில் நலிந்த பொதுப் பிரிவினருக்கான வருமானம் மற்றும் சொத்துச் சான்றிதழுக்கும் இதே கணக்குதான்.

6. விண்ணப்பம் நிரப்பும் இரவு

கடைசி நாள் இரவில் நிரப்பாதீர்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். நாங்கள் என்.ஐ.டி. விண்ணப்பத்தை அதற்கும் பிறகு, தாமதக் கட்டணத்தோடு நிரப்பினோம். உட்காருவதற்கு முன் இவற்றை ஒரே கோப்புறையில் எடுத்து வையுங்கள்: வெள்ளைப் பின்னணியில் அண்மையில் எடுத்த புகைப்படம், வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் போட்ட கையெழுத்து, பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஓ.பி.சி. அல்லது எஸ்.சி., எஸ்.டி. சான்றிதழ், ஆதார். ஒவ்வொரு படத்துக்கும் இத்தனை கிலோபைட்டுக்கு மேல் போகக் கூடாது என்று அளவு இருக்கும். செல்பேசியில் எடுத்த படம் அதைப்போலப் பல மடங்கு பெரிதாக இருக்கும். முன்பே சுருக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை இன்னும் நிலையான கையெழுத்துப் போடப் பழகியிருக்காது. என் மகள் விண்ணப்பத்தில் ஒரு மாதிரி, தேர்வு அறையில் வேறு மாதிரி போட்டுவிட்டு, கண்காணிப்பாளர் இரண்டு முறை நிமிர்ந்து பார்த்ததாகச் சொன்னாள். ஒன்றை முடிவு செய்து, ஒரு பக்கம் எழுதிப் பழகச் சொல்லுங்கள்.

மின்னஞ்சல் முகவரியும் செல்பேசி எண்ணும் உங்களுடையதாகவோ பிள்ளையுடையதாகவோ இருக்கட்டும். கணினி மையத்துக்காரரின் எண்ணைக் கொடுத்துவிட்டு, இரண்டாம் கட்டத் தேர்வின் அறிவிப்பு அவருக்குப் போன கதைகள் உண்டு.

கட்டணம்: நாங்கள் கட்டியபோது என்.ஐ.டி.க்கு 3,000 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 1,500. அப்போது யுசீட்டுக்கு 4,000 ரூபாய், பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கும் பாதி. பணம் வங்கியிலிருந்து போய், திரையில் ‘தோல்வி’ என்று வந்தால் உடனே மறுபடி கட்டாதீர்கள். ஒரு மணி நேரம் கழித்து உள்ளே நுழைந்து நிலையைப் பாருங்கள். கடைசி நாள் இரவு பதினொன்றரைக்கு அந்த ஒரு மணி நேரம் உங்களிடம் இருக்காது, அதற்காகத்தான் முன்பே கட்டச் சொல்கிறேன்.

7. தேர்வு எதைக் கேட்கிறது

அழகாகப் படம் வரையத் தெரிந்தால் போதும் என்பது தவறு. வரையவே தெரிய வேண்டாம் என்பதும் தவறு. என்.ஐ.டி. முதல் கட்டம் மூன்று மணி நேரம், 100 மதிப்பெண், காகிதத்தில் பென்சிலோடு எழுதும் தேர்வு. இரண்டாம் கட்டத்தில் பொருள்களைக் கையில் கொடுத்துச் செய்யச் சொல்வார்கள். இறுதித் தரவரிசையில் முதல் கட்டத்துக்கு 30 சதவீதம், இரண்டாம் கட்டத்துக்கு 70 சதவீதம். யுசீட்டில் கணினியில் எழுதும் பகுதி 200 மதிப்பெண், கையால் வரையும் பகுதி 100. நிஃப்ட்டில் படைப்புத் திறன் தேர்வும் பொது அறிவுத் தேர்வும் தனித்தனி. அதைத் தாண்டியவர்களுக்குக் கையால் ஒரு மாதிரியைச் செய்துகாட்டும் தேர்வு.

பயிற்சி நிலையம் அவசியமா என்று கேட்பவர்களுக்கு: முதலில் பழைய வினாத்தாள்களைப் பாருங்கள், அவை அந்தந்த நிறுவனங்களின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டு தாளை நேரம் வைத்து எழுதிப் பார்த்த பிறகு, எது வரவில்லையோ அதற்கு மட்டும் உதவி தேடுங்கள். ‘உறுதியாக இடம்’ என்று சொல்லி முழுக் கட்டணத்தையும் முன்பணமாகக் கேட்கும் இடங்களுக்குப் போகாதீர்கள்.

என் மகள் தினமும் இரவு சாப்பாட்டு மேசையில் எது இருக்கிறதோ அதை வரைந்தாள். மிக்சி ஜார், பாதி உரித்த பூண்டு, தாத்தாவின் மூக்குக் கண்ணாடிக் கூடு. ஒரு வாரம் முழுக்க, சாவிக்கொத்தைப் பிடித்திருக்கும் என் கையையே வரைந்தாள். கட்டை விரல் ஒவ்வொரு தடவையும் வேறு யாருடையதோபோல வந்தது. ஏழாவது நாள் அது என் விரலாக ஆனது, நகத்தின் ஓரத்தில் ரப்பர் ஸ்டாம்பு மை கறை உட்பட. ‘படம் வரைய ஒரு கல்லூரியா’ என்று கேட்டவர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “மூக்குக் கண்ணாடிக் கூட்டில் கீறல் எங்கே?” என்றார். பேச்சு அப்படித்தான் மறுபடி தொடங்கியது.

தேர்வு அறைக்கு எந்தெந்தப் பொருள்கள் கொண்டு போகலாம் என்பது அனுமதிச் சீட்டில் இருக்கும். அதைத் தவிர வேறு யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

8. பணக் கணக்கு

கல்லூரியின் அறிவிப்பில் ஒரு பருவத்துக்கான கல்விக் கட்டணம் பெரிய எழுத்தில் இருக்கும். அதை எட்டால் பெருக்குங்கள். பிறகு கீழே சின்ன எழுத்தில் இருக்கும் விடுதி, உணவு, பட்டறை, காப்பீடு, திருப்பித் தரும் வைப்புத் தொகை எல்லாவற்றையும் சேருங்கள். பல நிறுவனங்களில் கட்டணம் ஆண்டுதோறும் கொஞ்சம் உயரும், அதையும் சேருங்கள். அதன் பிறகும் கணக்கில் வராதது மூலப்பொருள் செலவு: காகிதம், வண்ணம், துணி, மரம், அச்சு. இதோடு ஒரு நல்ல மடிக்கணினி. பொறியியல் மாணவனுக்கு வாங்கும் கணினி பல நேரம் இதற்குப் போதாது. ஆனால் முதல் நாளே வாங்காதீர்கள். எந்தத் துறை, எந்த மென்பொருள் என்று தெரிந்த பிறகு வாங்கலாம்.

தேர்வுப் பயணச் செலவையும் தனியாக எடுத்து வையுங்கள். முதல் கட்டத்துக்குச் சென்னை போதும். இரண்டாம் கட்டத்துக்கு நாங்கள் வெளிமாநிலம் போய் வந்தோம். இரண்டு பேர், ரயில், இரண்டு இரவு தங்கும் செலவு. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். தேர்வுத் தேதி அறிவித்ததும் டிக்கெட் போட்டுவிடுங்கள். தேர்ச்சி பெறாவிட்டால் ரத்து செய்யும் கட்டணம்தான் நட்டம்.

கல்விக் கடனுக்கு வித்யாலட்சுமி இணையதளம் வழியே விண்ணப்பிக்கலாம். 7.5 லட்சம் ரூபாய் வரை பொதுவாகச் சொத்துப் பிணை தேவைப்படுவதில்லை. வட்டிக்கு வருமான வரி விலக்கு உண்டு, ஆனால் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும். முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை, அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு இரண்டும் மாநிலக் கலந்தாய்வுக்கானவை, இங்கே செல்லாது. அதற்குப் பதிலாக, ஐ.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களில் சேரும் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு மாநில அரசின் தனி உதவித்தொகைகள் இருக்கின்றன. நீங்கள் சேரும் நிறுவனம் அந்தப் பட்டியலில் வருகிறதா என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பிற்படுத்தப்பட்டோர் நலப் பிரிவிலோ ஆதிதிராவிடர் நலப் பிரிவிலோ நேரில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும்.

9. வீட்டுப் பக்கத்துக் கதவுகளையும் திறந்து வையுங்கள்

பிள்ளை விருப்பத்துக்கு விண்ணப்பித்துவிட்டோம் என்று மற்றதை விட்டுவிடாதீர்கள். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவுக் கட்டணம் 500 ரூபாய்தான்; எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 250. பதிவு செய்து வையுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் அது ஒரு நிம்மதி.

டிசைன்தான் வேண்டும், ஆனால் அகில இந்தியத் தேர்வில் இடம் கிடைக்கவில்லை என்றால், சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகள் பிளஸ் டூ முடிவுக்குப் பிறகுதான் விண்ணப்பம் வாங்குகின்றன. வரைந்து காட்டும் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். சென்னைக் கல்லூரியில் துணி வடிவமைப்புப் பிரிவும் உண்டு. கட்டணம், மற்ற இடங்களோடு ஒப்பிட்டால், பேசவே தேவையில்லாத அளவுக்குக் குறைவு. நெசவில் ஆர்வம் உள்ளவர்கள் சேலத்தில் இருக்கும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தையும் பாருங்கள். என் மகளுக்கு இந்த மூன்றும் மாற்று வழிகளாக இருந்தன. உண்மையைச் சொன்னால், முன்பே தெரிந்திருந்தால் கவின்கலைக் கல்லூரியை நானே முதல் வரிசையில் வைத்திருப்பேன்.

இந்தக் காலத்தில் தனியார் பொறியியல் கல்லூரிகளிலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருக்கும். இன்றைக்கே முன்பணம் கட்டினால் சலுகை, அசல் சான்றிதழைக் கொடுத்தால் இடம் உறுதி என்பார்கள். அசலைக் கொடுக்காதீர்கள். விலகுவதற்கென்று அறிவித்த கடைசித் தேதிக்கு முன் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும், சான்றிதழை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) விதி. விதி இருக்கிறதே என்று கொடுத்துவிட்டுப் பிறகு வாங்க நடப்பது வேறு கதை. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் ஒரு மாற்றுச் சான்றிதழுக்காக ஆறு முறை போய் வந்தார்.

10. முடிவு வந்த பிறகு

யுசீட் எழுதியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: தரவரிசை வந்துவிட்டால் இடம் தானாக வராது. முடிவுக்குப் பிறகு, தனிக் கட்டணம் கட்டி, எந்த ஐ.ஐ.டி. முதலில் என்று வரிசைப்படுத்தித் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நல்ல தரவரிசை வைத்துக்கொண்டு இந்தப் படியைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

காத்திருப்போர் பட்டியலில் பெயர் வந்தால் மனம் தளராதீர்கள், பட்டியல் நகரும். என் மகளுக்கு அகமதாபாத் கிடைக்கவில்லை. ஆந்திர வளாகம், காத்திருப்பில் இருந்து, ஒரு புதன்கிழமை மதியம் மின்னஞ்சலாக வந்தது. பணம் கட்ட மிகக் குறைந்த நாட்களே தருவார்கள். வைப்பு நிதியில் கிடக்கும் பணத்தை அதற்குள் எடுக்க முடியாது என்றால் ஏப்ரலிலேயே சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். இணையவழிப் பரிமாற்றத்துக்கு உங்கள் கணக்கில் ஒருநாள் உச்சவரம்பு எவ்வளவு என்பதையும் பாருங்கள். எங்களுடையது கட்ட வேண்டியதைவிடக் குறைவாக இருந்தது. வங்கியில் போய் உயர்த்தி வாங்க ஒரு முற்பகல் போனது.

சேரும் நாளுக்கான கோப்பில் இவை இருக்கட்டும்: பத்து, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்களின் அசல், பள்ளி மாற்றுச் சான்றிதழ், நடத்தைச் சான்றிதழ், புதிய நிதியாண்டின் ஓ.பி.சி. சான்றிதழ், மருத்துவத் தகுதிச் சான்றிதழ், கட்டண ரசீது, பத்துப் புகைப்படம். எல்லாவற்றிலும் மூன்று நகல். பிளஸ் டூ அசல் சான்றிதழ் பள்ளிக்கு வர நாளாகும். அதுவரை இணையத்தில் எடுத்த தற்காலிகச் சான்றிதழில் தலைமை ஆசிரியரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். தமிழில் மட்டும் இருக்கும் சான்றிதழ் ஏதும் இருந்தால் ஆங்கிலத்திலும் ஒன்று கேட்டு வாங்குங்கள்.

ராகிங் செய்யமாட்டேன் என்ற உறுதிமொழியை மாணவர் ஒன்று, பெற்றோர் ஒன்று என்று இணையத்தில் நிரப்ப வேண்டும். கணினி மையத்தில் இதற்கு ஒரு தொகை கேட்டார்கள். இது இலவசம், வீட்டிலேயே பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.